ஐந்து விசைகளின் நாயகர் எமில் போடோ

(பத்தாம் வகுப்பு மாணவி)

அறிவியல் மேதைகளின் வரலாறு என்றால் எடிசனையும் மார்க்கோனியையும் எழுதுவதே ஆண்டு மலர்களின் வழக்கம். நான் இம்முறை எமில் போடோ என்பவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தந்தித்துறையில் பணிபுரிந்த பெரியவர்கள் அவர் பெயரை நன்கு அறிவார்கள். என் தோழியர் அறியமாட்டார்கள். ஆறு மாதங்களுக்கு முன்புவரை நானும் அறிந்தேனில்லை.

நான் அவரைத் தேடிப் போனதற்கு என் சித்தப்பாவே காரணம். சித்தப்பா இறால் வியாபாரி. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்கு இணைய இணைப்பு வாங்கினார். விளம்பரத் தாளில் 40 எம்.பி.பி.எஸ். என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. (அதைக் கேட்ட பாட்டி, வீட்டிற்கு டாக்டர் வரப்போகிறார் என்றே எண்ணிக்கொண்டார்.) ஆனால் ஒரு திரைப்படத்தை இறக்கிப் பார்த்தபோது வேகம் நொடிக்கு 5 எம்.பி.யைத் தாண்டவே இல்லை. நாற்பதுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஐந்தைக் கொடுக்கிறார்களே என்று சித்தப்பா கொதித்தார். எட்டில் ஒரு பங்குதான் வருகிறது என்று நானும் கணக்குப் போட்டுக் காட்டி, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தேன். அவர் இரண்டு மாதம் பணம் கட்டவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணனின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பவேண்டிய கடைசி நாளன்று வீட்டில் இணைப்பு இல்லாமல், இரவு நேரத்தில் பழவேற்காடு கடைத்தெருவிற்கு ஓடி, சில நிமிடங்களே மீதமிருக்கையில் அனுப்பினோம். அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தவறு முழுவதும் எங்களுடையது. ஆங்கிலத்தில் சிறிய ‘பி’ எழுதினால் பிட். பெரிய ‘பி’ எழுதினால் பைட். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். கம்பியில் போகும் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். படம், பாட்டு, கடிதம் இவற்றின் பருமனைப் பைட்டில் சொல்வார்கள். நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து. அவ்வளவுதான் விஷயம். நம் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே இரண்டையும் எம்.பி. என்றே எழுதுகிறோம், எம்.பி. என்றே பேசுகிறோம். முப்பது கவுண்ட் என்றால் கிலோவுக்கு முப்பது இறால் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் சித்தப்பா, எண்ணிக்கையையும் எடையையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளாதவர், பிட்டிலும் பைட்டிலும் வழுக்கி விழுந்தார். கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கும் நானும் அவரோடு சேர்ந்து விழுந்தேன்.

எட்டு என்று ஏன் வைத்தார்கள், பத்து என்று வைத்திருந்தால் வகுக்க எளிதாக இருக்குமே என்று எங்கள் கணித ஆசிரியையிடம் கேட்டேன். முதன்முதலில் அது எட்டாகவே இல்லை, ஐந்தாக இருந்தது என்று சொல்லி, ஒரு தாளில் போடோவின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

ழான் மோரீஸ் எமில் போடோ 1845-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஓத் மார்ன் பகுதியில் உள்ள மான்யோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவர். ஊரில் இருந்த தொடக்கப் பள்ளியில் படித்ததோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. அதன்பின் தந்தையோடு வயலில் வேலை செய்தார். கல்லூரி வாசலை மிதிக்காத அவர், 1869-ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், தந்தித்துறையில் பயிற்சி பெறும் ஊழியராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் தந்தி என்றால் மோர்ஸ் முறைதான். புள்ளியும் கோடுமாகத் தட்டுவது. மோர்ஸ் முறையில் சில எழுத்துகளுக்கு ஒரே தட்டல், சிலவற்றிற்கு நான்கு தட்டல்கள். எழுத்துக்கு எழுத்து நீளம் மாறும். இன்னொரு பொறியும் இருந்தது. ஹியூஸ் என்பவர் அமைத்தது. பியானோவைப் போன்ற விசைப்பலகையில் எழுத்தை அழுத்தினால், மறுமுனையில் சுழலும் சக்கரம் அதே எழுத்தைத் தாளில் அச்சிடும். இப்பொறியைக் கற்க போடோவை நான்கு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த நான்கு மாதங்களே அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனையாயின. இடையில் 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1872-இல் பாரிசில் மீண்டும் தந்தி வேலைக்குத் திரும்பினார்.

ஹியூஸ் பொறியின் முன் அமர்ந்திருந்த போடோ ஒன்றைக் கவனித்தார். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே, சக்கரம் சுழன்று வரும்வரை, நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள விலையுயர்ந்த கம்பி சும்மாவே கிடக்கிறது. பெரும்பாலான நேரம் அதில் ஒன்றும் ஓடுவதில்லை. அந்த வெறும் நேரத்தை வேறு ஊழியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் என்ன? மேலதிகாரிகள் அவரை ஊக்கப்படுத்தினார்கள்; ஆனால் ஆராய்ச்சியை வேலை நேரத்திற்கு வெளியே செய்துகொள்ளச் சொன்னார்கள். பகலில் தந்தி அனுப்பினார். மற்ற நேரத்தில் தம் பொறியைக் கட்டினார்.

இவ்விடத்தில் எங்கள் ஏரியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கப் பாடு முறை என்று ஒன்று உண்டு. எங்கள் கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் காலங்காலமாய் அதைக் கடைப்பிடித்து வருகின்றன. இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலை வைக்க வேண்டியவர்களோ பலர். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் வலையோடு வலை சிக்கி ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆதலால் முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் முறை முடிந்ததும் அடுத்தவர் முறை. சுற்று முடிந்ததும் மறுபடியும் முதலாமவர். தன் முறை வரும்போது ஆயத்தமாக இல்லாதவருக்கு அன்று மீன் இல்லை.

போடோ கம்பிக்குச் செய்ததும் இதுதான்! நான்கைந்து ஊழியர்கள் ஒரே கம்பியில் தந்தி அனுப்புவார்கள். கம்பியின் இரு முனைகளிலும் கடிகாரம்போல் சுழலும் ஒரு கருவி. சுழலும் கை முதல் ஊழியரைத் தொடும்போது கம்பி முழுவதும் அவருடையது. இரண்டாமவரைத் தொடும்போது அவருடையது. பாரிசில் உள்ள கையும் தொலைவில் உள்ள கையும் இம்மியும் பிசகாமல் ஒன்றாகச் சுழல வேண்டும். பிசகினால் ஒருவர் செய்தி மற்றவர் தாளில் விழும். ஊழியரின் முறை வந்ததை அறிவிக்க ஒரு சிறு ‘டிக்’ ஒலி எழும். அந்தத் தாளத்தில் விசையை அழுத்தவேண்டும். தவறவிட்டால் அந்த எழுத்து போனது போனதுதான்.

முறை வைப்பதென்றால் ஒவ்வொருவர் பங்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும் அல்லவா? மோர்ஸ் எழுத்துகள் நீண்டும் குறுகியும் இருப்பதால் அதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே போடோ எல்லா எழுத்துகளுக்கும் ஒரே நீளம் வைத்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்தே குறிகள். ஒவ்வொரு குறியும் இரண்டு நிலைகளில் ஒன்று. இன்று நாம் பிட் என்று சொல்வது இக்குறியைத்தான். ஒரு குறியால் 2 எழுத்துகளைக் காட்டலாம், இரண்டால் 4, மூன்றால் 8, நான்கால் 16, ஐந்தால் 32. பிரெஞ்சு மொழிக்கு நான்கு போதாது, ஐந்து போதும். எண்களையும் நிறுத்தற்குறிகளையும் எப்படி அனுப்புவது என்று கேட்பீர்கள். இனி வருவன எண்கள் என்று அறிவிக்க ஒரு தனிக் குறியை ஒதுக்கிவிட்டார். அது வந்ததும் அதே 32 சேர்க்கைகளும் வேறு பொருள் தரும். எண்கள் முடிந்து மீண்டும் எழுத்துக்கு வர இன்னொரு குறி.

அவருடைய விசைப்பலகையில் ஐந்து விசைகள் மட்டுமே இருந்தன. இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. ஊழியர் ஓர் எழுத்துக்குரிய விசைகளை ஒன்றுசேர அழுத்தினால், மறுமுனையில் நீண்ட தாள் நாடாவில் அவ்வெழுத்து அச்சாகி வரும். ஆர்மோனியத்தில் கட்டை பிடிப்பதுபோல் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பழகிய ஊழியர் நிமிடத்திற்கு 30 சொற்கள் அனுப்புவார். அதாவது நிமிடத்திற்கு 180 எழுத்துகள், நொடிக்கு 3 எழுத்துகள். எழுத்துக்கு ஐந்து பிட் என்பதால் நொடிக்கு 15 பிட். நான்கு பேர் முறை வைத்து அனுப்பினால் அதே கம்பியில் நொடிக்கு 60 பிட். கம்பி ஒன்றுதான், வேலை நான்கு மடங்கு.

1874-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் போடோ தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே தந்தித்துறை அதை ஏற்றுக்கொண்டது. 1877 நவம்பரில் பாரிசுக்கும் போர்தோ நகருக்கும் இடையில் சோதித்துப் பார்த்தார்கள். அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவுள்ள பாரிஸ்–ரோம் கம்பியிலும் அது இயங்கியது. 1878-இல் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. எடிசனின் பேசும் பொறியும், இன்று நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திரதேவி சிலையின் தலைப்பகுதியும் அங்கேதான் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அத்தனை அதிசயங்களுக்கு நடுவே தொடக்கப் பள்ளி மட்டுமே படித்த உழவர் மகனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1880-இல் பதவி உயர்வு பெற்றார். 1882-இல் ஆய்வாளர்-பொறியாளர் ஆனார். படித்துப் பட்டம் பெற்றவர்கள் வகிக்கும் பதவி அது.

ஆனால் அவர் வாழ்க்கை பதக்கங்களால் மட்டும் நிறைந்ததன்று. லூயி விக்டர் மிமோ என்பவரும் அதே 1874-இல் ஐந்து குறிகள் கொண்ட தந்தி முறை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். தம்முடைய கருத்தையே போடோ எடுத்துக்கொண்டார் என்று 1877-இல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் முதலில் மிமோவுக்கே முதன்மை அளித்தது. பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, வழக்குச் செலவு முழுவதும் மிமோவின் தலையில் விழுந்தது. மனம் உடைந்த மிமோ, தம் கோரிக்கைகளை மறுத்த குழுவின் தலைவரும் தந்தித்துறை ஆராய்ச்சியாளருமான ழூல் ரேனோவைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தண்டனை அடைந்தார். போடோவின் வரலாற்றில் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த இடம் இது. ஐந்து குறிகளால் எழுத்தைக் காட்டலாம் என்பது அவ்விருவருக்குமே முற்றிலும் சொந்தமானதன்று. அவர்களுக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் மறைமொழி எழுதுவதற்கு அதைக் கையாண்டிருந்தார். ஆனால் குறிகளையும், முறை வைப்பதையும், அச்சிடுவதையும் ஒன்றாகக் கோத்து, ஆயிரம் மைல் கம்பியில் நாள்தோறும் ஓடும்படி செய்து காட்டியவர் போடோ. என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. மிமோவை நினைத்தால் இரக்கம் வராமலும் இல்லை.

போடோவுக்கு உடல்நலமும் வாய்க்கவில்லை. வேலையில் சேர்ந்த சில காலத்திலேயே நோய் பற்றிக்கொண்டது. சில வேளைகளில் ஒரு மாதம்கூட வேலைக்கு வர இயலாமல் கிடந்தார். ஆயுள் முழுவதும் அது அவரை விடவில்லை. 1890 ஜனவரி 15-ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில், திருமணம் செய்துகொண்டார். ஏப்ரல் 9-ஆம் நாள் அவர் மனைவி இறந்துவிட்டார். மூன்று மாதம்கூட நிறையவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் பாரிஸ், வான், லோரியான் ஆகிய மூன்று ஊர்களை ஒரே கம்பியால் இணைத்தார் என்று படித்தேன். துக்கத்தை அவர் எங்கே வைத்தார் என்பதை அந்த ஏடுகள் சொல்லவில்லை.

1894-இல் பாரிஸ் பங்குச் சந்தையும் இத்தாலி நாட்டு மிலான் பங்குச் சந்தையும் அவர் முறைப்படி ஒரே கம்பியில் பேசிக்கொண்டன. 1898-இல் பிரான்சு அரசு லெஜியோன் தோனர் என்னும் விருதில் அவருடைய படிநிலையை உயர்த்தியது. 1903-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், பாரிசை அடுத்த ஸோ என்னும் ஊரில், 57 வயதில் காலமானார்.

அவர் மறைந்தபின் உலகம் அவர் பெயரையே ஓர் அளவாக்கியது. கம்பியில் ஒரு நொடிக்கு எத்தனை குறிகள் போகின்றன என்பதற்கு, 1920-களில், பாட் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என்றே சொல்லிவந்தார்கள். சொல் நீளமாகவும் இருக்கும், குட்டையாகவும் இருக்கும். அது சரியான அளவாகாது. பாட் என்பதும் எங்கள் ஏரியின் பாடு என்பதும் ஒன்றுபோல் ஒலிப்பதைக் கண்டு நான் துள்ளிக் குதித்தேன். இரண்டுக்கும் உறவு ஏதுமில்லை என்று ஆசிரியை அடக்கினார். இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஐந்து குறி முறையை நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்டு மர்ரே, தட்டச்சு விசைப்பலகைக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தார். அதிலிருந்தே டெலிபிரிண்டர் எழுத்துமுறை வளர்ந்தது. நம் சென்னை கிண்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலையில் இப்பொறிகளைச் செய்தார்கள். டெலக்ஸ் கம்பிகளின் வேகம் 50 பாட். எங்களைப் போன்ற அவசரக்காரர்கள் ஐம்பதை ஐந்தால் வகுத்து நொடிக்குப் பத்து எழுத்து என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. எழுத்து தொடங்குகிறது என்று அறிவிக்க முன்னால் ஒரு குறியும், முடிந்தது என்று அறிவிக்கப் பின்னால் ஒன்றரைக் குறி நேரமும் வேண்டும். ஆக ஓர் எழுத்துக்கு ஏழரை. ஐம்பதை ஏழரையால் வகுத்தால் நொடிக்கு ஆறே முக்கால் எழுத்துக்கும் சற்றுக் குறைவு; நிமிடத்திற்கு 400 எழுத்துகள். எதால் வகுப்பது என்று தெரியாமல் வகுத்தால் பொறி ஏமாற்றுகிறது என்றுதான் தோன்றும்.

பிட் என்ற சொல்லை டியூக்கி என்பவர் உண்டாக்க, கிளாட் ஷானன் தம் 1948-ஆம் ஆண்டுக் கட்டுரையால் அதை நிலைநிறுத்தினார். பைட் என்ற சொல்லை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வெர்னர் புக்ஹோல்ஸ் உண்டாக்கினார். அதில் எத்தனை பிட் என்பது தொடக்கத்தில் பொறிக்குப் பொறி மாறியது. ஆறு பிட் வைத்தவர்களும் உண்டு. 1964-இல் அந்நிறுவனம் வெளியிட்ட சிஸ்டம் 360 என்னும் கணினி வரிசை எட்டு பிட்டை எடுத்துக்கொண்டது. பிறகு அதுவே ஊரறிந்த வழக்காயிற்று. எட்டுப் பிட்டால் 256 சேர்க்கைகள் கிடைக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நிறுத்தற்குறி எல்லாம் போகவும் இடம் மிஞ்சும். மாற்றுக்குறி போட்டு எண்ணுக்குத் தாவும் தொல்லை இல்லை.

பிற்காலத்தில் பாட் வேறு, பிட் வேறு என்றும் ஆகிவிட்டது. தொலைபேசிக் கம்பியில் கணினியை இணைத்த மோடம் ஒன்று நொடிக்கு 600 குறிகளே அனுப்பும். ஆனால் ஒவ்வொரு குறியிலும் நான்கு பிட்டைச் சுமந்து நொடிக்கு 2,400 பிட் கொண்டுபோகும். 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள், சென்னையிலிருந்து, அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி திறந்துவைக்கப்பட்டது. அதில் ஓர் இணை இழைக்கு நொடிக்கு 200 கிகாபிட். நாம் வகுக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம்: நொடிக்கு 25 கிகாபைட். நம் அப்பாக்களும் அண்ணன்களும் படகு ஓட்டும் அதே வங்காள விரிகுடாவின் அடியில்தான் அதுவும் கிடக்கிறது. ஆனால் இந்தியாவில் தந்தி இப்போது இல்லை. 2013 ஜூலையில் அது நிறுத்தப்பட்டது. எங்கள் வகுப்பில் ஒருத்திகூடத் தந்தியைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்ப் பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். கோட்டைக்குப்பம் என்பது நாம் எண்ணினால் எட்டு எழுத்து. கணினி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்குப் பதினைந்து. வழக்கமான முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 45 பைட். எட்டால் பெருக்க 360 பிட். போடோவின் ஊழியர் நொடிக்கு 15 பிட் வீதம் விசைகளை அழுத்தினால் எங்கள் ஊர்ப் பெயர் போய்ச்சேர 24 நொடி ஆகும். சித்தப்பாவின் 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் ஒரே நொடியில் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் தடவை போய்ச்சேரும்.

இவ்வளவையும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் விளக்கினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நிலுவைத் தொகையைக் கட்டினார். இணைப்பு வந்ததும் 2 கிகாபைட் உள்ள ஒரு படத்தை இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குச் சோதனை வைத்தார். இரண்டாயிரம் மெகாபைட், எட்டால் பெருக்கப் பதினாறாயிரம் மெகாபிட், நாற்பதால் வகுக்க 400 நொடி, ஆறு நிமிடம் நாற்பது நொடி என்றேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு நிமிடம் ஆயிற்று. மீதி இருபது நொடியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டார். டெலிபிரிண்டரின் ஏழரையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.